இடது தொடையில் ஒரு தட்டு

கடலே இல்லாத நாட்டில் கடற்பந்தயக்காரர்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். முதல் வருடம் நானும் அதைத்தான் கேட்டேன். எங்கள் ஹோட்டல் மனேஜர் சொன்ன விளக்கம் இது: வேறெந்த நாட்டில் கூடினாலும் அந்த நாட்டுக் கடலில் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் தோற்றிருப்பார். சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை தொடங்கும். இனிப்பு வருவதற்குள் இரண்டு பேர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். சுவிஸில் கடல் இல்லை, ஆகவே இங்கே ஒருவரும் தோற்கவில்லை. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் ஏரிக்கரை ஹோட்டலில் கூடிச் சாப்பிட்டுவிட்டுப் போவதை அவர்கள் வழக்கமாக்கியிருந்தார்கள்.

நான் அந்த ஹோட்டலில் விருந்து மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். வீடு ஃப்ரிபூர்க்கில், பஸ்ஸில் அரை மணி நேரம். பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்து புழங்குகிற ஊர் என்பதால் இரண்டு மொழியும் எனக்கு ஓடும். இலக்கணத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கக் கூடாது. திறந்த கடலில் மோட்டார் படகுப் பந்தயத்தைத் தொடக்கி வைத்த முன்னோடிகள் வருகிறார்கள் என்று மனேஜர் சொன்னபோது, அகன்ற மார்பும் வெயிலில் கறுத்த முகமுமாக ஒரு கூட்டத்தை எதிர்பார்த்து நான் தலைமுடியைக்கூடக் கொஞ்சம் சரிசெய்துகொண்டேன். வாசலில் வந்து இறங்கியவர்கள் இருபது சொச்சம் கிழவர்கள், மூன்று கிழவிகள், ஒரு நாய். அவர்களில் நாய்தான் வேகமாக நடந்தது.

ஆனால் லேசுப்பட்ட ஆட்கள் அல்ல. அவர்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் அந்தப் பந்தயத்துக்கு ஒழுங்கான சட்டதிட்டம்கூட இருக்கவில்லையாம். மரப்படகில் பெரிய எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டு, ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு அலைக்கு மேலால் பாய்ந்து பாய்ந்து போயிருக்கிறார்கள். வழியில் பல் போனவர், விலா எலும்பு போனவர், படகே போனவர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இருந்தும் சாப்பாட்டுக்கு உப்புக் குறைவாகப் போடச் சொல்லி முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்.

முதல் வருடம் நான் நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டு, பின்னால் நீல ரிபன் கட்டி வைத்திருந்தேன். இரண்டு மணி நேர வேலை. அவர்கள் உள்ளே வந்தார்கள், நாற்காலிகளைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள், மேசையைச் சுற்றி நின்றார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பை மேசையில் சாய்த்துக்கொண்டு, அப்படியே நின்றபடி சூப்பைக் குடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. மூன்று கிழவிகளில் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கம் சொன்னார். அந்தப் படகுகளில் உட்கார்ந்தால் முதுகெலும்பு நொறுங்கிவிடும். ஆகவே நின்றுகொண்டுதான் ஓட்டுவார்கள், முழங்கால்தான் ஸ்பிரிங். பந்தயத்தின் நடுவில் உட்கார்ந்தவன் முடிந்தான். அந்த நினைவில் சூப் மட்டும் நின்றபடி. சூப் முடிந்ததும் எல்லோரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ஒரே குரலில் முனகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோயிலில் அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு நேர்த்திக்கடன் புதிதல்ல. ஆனால் அங்கே கையில் கொதிக்கிற சூப் இருக்காது.

அந்த மேசையில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஒருவர் ஃப்ரிபூர்க் பக்கத்தவர், நெட்டையானவர், எண்பதைத் தாண்டியவர். மற்றவர் பேர்ண் பக்கத்தவர், குட்டை, தோள் மட்டும் இன்னும் இறங்கவில்லை. இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே படகில் ஓடியவர்கள். அந்தப் பந்தயத்தில் சிறிய படகென்றால் இரண்டு பேர். ஒருவர் சுக்கானை மட்டும் பிடிப்பார். மற்றவர் எஞ்சினின் வேகத்தைப் பார்ப்பார்: படகு அலையிலிருந்து மேலே எழும்பும்போது குறைக்க வேண்டும், தண்ணீரைத் தொடும்போது கூட்ட வேண்டும். திசை பார்ப்பதும் அவர் வேலைதான். நெட்டை மனிதர் சுக்கான்காரர். குட்டை மனிதர் எஞ்சின்காரர். நான் அவர்களுக்கு மனதுக்குள் வைத்த பெயர்களும் அவையே.

ஓடுகிற படகில் எஞ்சின் போடுகிற சத்தத்தில் கதைக்க முடியாது. ஆகவே எஞ்சின்காரர் தன் மற்றக் கையால் சுக்கான்காரரின் தொடையில் தட்டுவார். இடது தொடையில் தட்டினால் இடப்பக்கம் திருப்பு. வலது தொடையில் தட்டினால் வலப்பக்கம். தட்டாவிட்டால் நேரே போ. இப்படித்தான் இவர்கள் எத்தனையோ பந்தயங்களில் ஓடி, சிலவற்றில் வென்றும் இருக்கிறார்கள்.

கடைசிப் பந்தயத்தில் முன்னுக்கு வந்துகொண்டிருந்தபோது, இடப்பக்கம் திரும்ப வேண்டிய மிதவையைத் திரும்பாமல் நேரே போய்விட்டார்கள். எல்லாம் பாழ். கரைக்கு வந்ததும் எஞ்சின்காரர், "நான் தட்டினனான், நீ திருப்பேல்லை" என்றார். சுக்கான்காரர், "நீ தட்டேல்லை" என்றார். அதோடு சரி. நாற்பது வருடமாக இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசவில்லை. ஆனால் ஒரு வருடம்கூட விருந்துக்கு வராமல் விட்டதுமில்லை, வேறு இடத்தில் நின்றதுமில்லை. மேசையில் பாதிப் பேர் எஞ்சின்காரர் தட்டினார் என்ற கட்சி. மற்றப் பாதி தட்டவில்லை என்ற கட்சி. தட்டவில்லை என்ற கட்சிக்குத்தான் கொஞ்சம் பலம் அதிகம், ஏனென்றால் சுக்கான்காரர் பார்வைக்கு மிகவும் கண்ணியமானவர்.

அங்கே எல்லோரும் கதைத்தது பிரெஞ்சும் பேர்ண் ஜெர்மனும்தான். ஆனால் எனக்கு எல்லாம் யாழ்ப்பாணத் தமிழிலேயே நினைவிருக்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதல் வருடம் நான் சூப் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது எஞ்சின்காரர் என்னை மறித்தார்.

"பிள்ளை, உந்த ஆளிட்டைச் சொல்லுங்கோ, மிளகுத்தூளை இஞ்சாலை தள்ளச்சொல்லி."

மிளகுத்தூள் போத்தல் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். உந்த ஆள் அதற்கு அங்காலே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது பரிமாறுகிறவர் என்றால் குழம்பியிருப்பார். எனக்கு ஒரு கணத்தில் விஷயம் விளங்கிவிட்டது. ஏனென்றால் இந்தத் தொழிலை நான் வீட்டிலும் சம்பளமில்லாமல் செய்துவந்தேன்.

என் கணவருக்கும் ஷ்லீரன் நகரில் இருக்கிற அவருடைய அண்ணைக்கும் கதை பேச்சில்லை. அண்ணையின் மகள் வயதுக்கு வந்ததைக் கொண்டாடிய சாமத்தியவீட்டில் என் கணவருக்குக் கிடைத்த இருக்கை மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் இருந்தது. மூன்று மணி நேர வீடியோவில் அவருடைய முழங்கை மட்டும் வந்தது. அதுவும் ஒரே ஒரு தடவை, வடை எடுக்க நீண்டபோது. அன்றிலிருந்து அண்ணையும் தம்பியும் எனக்கூடாகத்தான் கதைப்பார்கள். "அண்ணையிட்டைச் சொல்லு, அம்மாவின்ரை மருந்து அனுப்பியாச்செண்டு." "தம்பியிட்டைச் சொல்லுங்கோ, ஊரிலையிருந்து மாமா வாறாரெண்டு." வைபர் வந்த புதிதில் இரண்டு பேரும் தனித்தனியே எனக்குக் குரல் பதிந்து அனுப்புவார்கள். நான் ஒன்றைக் கேட்டு, கடுமையான சொற்களை எடுத்துவிட்டு, என் குரலில் மற்றவருக்கு அனுப்புவேன். வடிகட்டாமல் அனுப்பியிருந்தால் குடும்பமே சிதறியிருக்கும்.

ஆகவே மிளகுத்தூள் விஷயத்திலும் பழக்கதோஷத்தில் வடிகட்டினேன். சுக்கான்காரரிடம் போய், "ஐயா, அவருக்குத் தயவுசெய்து மிளகுத்தூள் வேணுமாம்" என்றேன்.

சுக்கான்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "தயவுசெய்து எண்டு சொன்னவனோ?"

"ஓம்."

"அப்ப அவனுக்கு உடம்பு சரியில்லை. டொக்டரைக் கூப்பிடுங்கோ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது என் வேலையாகிவிட்டது. மனேஜருக்கும் வசதி. வேறு பரிமாறுபவர்களை அந்தப் பக்கம் அனுப்பமாட்டார். நான் இல்லாவிட்டால் மீன் துண்டு யாருக்கு, உருளைக்கிழங்கு யாருக்கு என்பதுகூட ஒரு முடிவுக்கு வராது.

ஒரு வருடம் காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் எஞ்சின்காரர் தனியாக வந்து நின்றார். குடிப்பதற்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மெஷின் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் தட்டினனான், பிள்ளை" என்றார்.

"தெரியும் ஐயா."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன. எனக்குப் பந்தயக் கப் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். தட்டினான் எண்டு அவன் ஒருக்காச் சொன்னால் காணும். இல்லாட்டி நான் செத்தாப்பிறகு இந்த மேசையிலை என்ன கதைப்பாங்கள் தெரியுமோ? பாவம், நல்ல மனிசன், அண்டைக்குத் தட்டாமல் விட்டிட்டான் எண்டுதான் கதைப்பாங்கள்."

அவருக்கும் எண்பது. விருந்துக்கு வருகிறவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள். மேசையை நான் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் சிறிதாகப் போட்டேன்.

அவர்களுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. பிரதான சாப்பாட்டுக்கும் இனிப்புக்கும் நடுவில், அந்த வருடத்தில் இறந்தவர்களுக்காக ஏரியின் நடுவில் பூ விடுவார்கள். பூவை யார் கொண்டுபோவது என்பதற்கு ஒரு விதி: ஒரே படகில் ஓடியவர்கள் சேர்ந்துதான் கொண்டுபோக வேண்டும். ஆள் குறைந்த படகுக்காரர் கரையில் நிற்க வேண்டும். முதலில் பல சோடிகள் இருந்தார்கள், முறை வைத்துப் போனார்கள். பிறகு இரண்டு சோடிகள். நான் சொல்கிற வருடத்தில் மற்றச் சோடியில் ஒருவர் மார்ச் மாதம் போய்விட்டார். பூ அவருக்குத்தான். முழுதாக மிஞ்சியிருந்த ஒரே படகு இவர்களுடையது.

மண்டபத்தில் எல்லோரும் இவர்கள் இருவரையும் பார்த்தார்கள்.

"அவரிட்டைச் சொல்லுங்கோ, நான் வரேல்லையெண்டு" என்றார் சுக்கான்காரர்.

"அவரிட்டைச் சொல்லுங்கோ, நான் கேக்கவே இல்லையெண்டு" என்றார் எஞ்சின்காரர்.

நான் இரண்டையும் வடிகட்டிப் பார்த்தேன். வடிகட்டினால் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போது முதல் வருடம் எனக்கு விளக்கம் சொன்ன அந்தக் கிழவி எழுந்து, பூச்சட்டியைக் கொண்டுவந்து மேசையில் இருவருக்கும் நடுவில் வைத்தார். இறந்தவர் அவருடைய கணவர். வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். இரண்டு கிழவர்களும் ஒரே நேரத்தில் தங்கள் கோட்டுகளைத் தேடினார்கள்.

வழக்கமாக ஹோட்டலின் சிறிய மோட்டார் படகில் போவார்கள். நாங்கள் எல்லோரும் ஊர்வலமாகப் படகுத்துறைக்குப் போனபோது படகு நின்றது, படகுக்காரனைக் காணவில்லை. ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தான். பொறுத்திருப்போம் என்று நான் சொன்னேன். என் சொல்லை யார் கேட்டார்கள்? அங்கே நின்றவர்கள் வாழ்நாளெல்லாம் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர்கள். ஒருவர் இறங்கி ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார். எஞ்சின் அசையவில்லை. இன்னொருவர் அவரைத் தள்ளிவிட்டு அமுக்கினார். அசையவில்லை. மூன்றாவது ஆள் தன் கோட்டுப் பைக்குள்ளிருந்து சின்ன ஸ்குரூட்ரைவர் ஒன்றை எடுத்தார். விருந்துக்கு ஸ்குரூட்ரைவரோடு வருகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

படகுக்காரன் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது எஞ்சின் மேசைத்துணியின் மேல் பரப்பிக் கிடந்தது. மண்டபத்திலிருந்து யாரோ இழுத்துவந்த அந்த மேசைத்துணி என்னுடையது. கிழவர்கள் ஆளுக்கொரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிழை எதில் என்று கடுமையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவன் தன் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து சுருள் கயிறு கட்டிய ஒரு சிவப்பு கிளிப்பை எடுத்துக் காட்டினான். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்கான கிளிப் அது. அதை மாட்டாமல் எந்த முன்னோடி அமுக்கினாலும் எஞ்சின் ஓடாது. எஞ்சினில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

கிழவர்கள் அந்தக் கிளிப்பைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அவர்களுடைய காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. "எங்கடை காலத்திலை ஆள் விழுந்தாலும் படகு தன்பாட்டிலை போகும்" என்று ஒருவர் சொன்னார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

மிஞ்சியிருந்தது பெடலோ. காலால் மிதிக்கிற படகு. அதுவும் சுற்றுலா வருகிற குழந்தைகளுக்காக வெள்ளை அன்னம் போலச் செய்தது: முன்னால் நீண்ட கழுத்து, செம்மஞ்சள் அலகு, பெரிய கண்கள், இமை மயிர்கூட வரைந்திருந்தது. முன்னால் இரண்டு இருக்கைகள், நடுவில் திருப்புகிற கைபிடி, பின்னால் ஒருவர் உட்காரக்கூடிய சிறிய வாங்கு. கடலைக் கிழித்துப் போனவர்கள் இரண்டு பேரும் அந்த அன்னத்தை வெகுநேரம் பார்த்தார்கள். கிழவி பூச்சட்டியை நீட்டினார்.

"இந்த வயதிலை ரெண்டு பேரையும் தனிய விடேலாது. நீங்களும் ஏறுங்கோ" என்றார் மனேஜர் என்னிடம்.

"எனக்கு நீந்தத் தெரியாது."

"நீங்கள் யாழ்ப்பாணமல்லோ?"

யாழ்ப்பாணத்தில் பிறந்தால் நீந்திக்கொண்டே பிறப்பார்கள் என்று அவருக்கு எண்ணம். எங்கள் ஊரில் கிணறுதான். நான் வாழ்க்கையில் படகில் ஏறியது ஒரே ஒரு தடவை, சண்டைக் காலத்தில், கிளாலிக் கடலேரியில், இருட்டில். பக்கத்தில் ஒரு தாய் தன் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அதன் பிறகு தேநீர்க் கோப்பையில் படகுப் படம் இருந்தால்கூட வேறு கோப்பை எடுக்கிற ஆள் நான். இதையெல்லாம் மனேஜருக்கு விளங்கப்படுத்த நேரமில்லை. ஒரு பாதுகாப்பு அங்கியை என் தலையால் கொழுவி, கையில் பூச்சட்டியைத் தந்து, அன்னத்தின் வாலில் இருத்திவிட்டார்கள்.

சுக்கான்காரர் வலப்பக்க இருக்கையில், கைபிடியைப் பிடித்துக்கொண்டு. எஞ்சின்காரர் அவருக்கு இடப்பக்கத்தில். அன்னத்தின் கழுத்து நேரே பார்க்க முடியாமல் மறைத்தது. அதோடு சுக்கான்காரருக்குக் கண்ணில் புரை வேறு. எஞ்சின்காரர்தான் எட்டி எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். சொல்வதென்றால் எனக்குத்தான்.

"அவரிட்டைச் சொல்லுங்கோ, வலப்பக்கம் கொஞ்சம்."

"ஐயா, வலப்பக்கம் கொஞ்சமாம்."

"அவரிட்டைச் சொல்லுங்கோ, கொஞ்சமெண்டால் எவ்வளவெண்டு."

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அன்னம் ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு வந்த இடத்துக்கே வந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஏரியிலிருந்த உண்மையான அன்னங்கள் இரண்டு எங்கள் பின்னால் சந்தேகத்தோடு வரத் தொடங்கின. நான் பூச்சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். நல்லூர்க் கந்தனில் தொடங்கி, பேர்ண் கோயிலில் இருக்கிற தெய்வங்கள் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை.

எப்படியோ நடு ஏரிக்குப் போனோம். மிதிப்பதை நிறுத்தினார்கள். நான் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தண்ணீரில் விட்டார்கள். எஞ்சின்காரர் தொப்பியைக் கழற்றினார். சுக்கான்காரரும் கழற்றினார். இருவரும் அப்போதும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ஒன்று நடந்தது. நாலு கால்களும் தாமாகவே ஒரே தாளத்தில் மிதிக்கத் தொடங்கின. அன்னம் உண்மையாகவே வேகம் எடுத்தது. எதிரே யாரோ விட்ட பாய்ப்படகு ஒன்று குறுக்கே வந்தது. எஞ்சின்காரர் எனக்குச் சொல்லவில்லை. யோசிக்காமல், கையை எட்டிப் போட்டு, சுக்கான்காரரின் வலது தொடையில் தட்டினார். அந்தக் கணமே அன்னம் வலப்பக்கம் திரும்பியது. இரண்டு பேரின் முதுகும் விறைத்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கொஞ்சம் தள்ளி மறுபடியும் வலது தொடையில் ஒரு தட்டு. மறுபடியும் அதே கணத்தில் திருப்பம். நான் பயத்தை மறந்துவிட்டேன். என் கணவரையும் அவருடைய அண்ணையையும் ஒரு அன்னத்தில் ஏற்றினால் என்ன என்றுகூட யோசித்தேன்.

படகுத்துறை கிட்ட வந்தது. அதன் முன்னால் தண்ணீரில் தடித்த மரத்தூண் ஒன்று நின்றது. இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். எஞ்சின்காரர் இடது தொடையில் தட்டினார்.

அன்னம் நேரே போனது.

அவர் இன்னும் பலமாகத் தட்டினார். நான் பின்னாலிருந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சத்தமும் கேட்டது. சுக்கான்காரர் அமைதியான முகத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். எஞ்சின்காரர் கையைப் பொத்திப் பிடித்துக் குத்தினார். அதற்குப் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூணில் மோதிய அதிர்ச்சியில் அன்னத்தின் அலகு உடைந்து தண்ணீரில் விழுந்து மிதந்தது. கரையில் எல்லோரும் ஒரே குரலில் என்னவோ சொன்னார்கள்.

நான் கண்ணைத் திறந்தபோது சுக்கான்காரர் மிதக்கிற அலகைக் கவலையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின்காரர் அலகைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அந்த இடது தொடையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, இரண்டு விரலால், காற்சட்டையோடு சேர்த்துப் பிடித்துக் கிள்ளினார். சும்மா கிள்ளு இல்லை, திருகிக் கிள்ளினார். பார்த்துக்கொண்டிருந்த நான்தான் "ஐயோ" என்றேன். கிள்ளு வாங்கியவர் திரும்பியும் பார்க்கவில்லை.

எஞ்சின்காரர் கையை எடுத்தார். நாற்பது வருடத்துக்குப் பிறகு, எனக்கூடாக இல்லாமல், அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எப்ப துவக்கம்?"

சுக்கான்காரர் தன் தொடையைப் பார்த்தார். கிள்ளிய இடத்தில் துணி கசங்கியிருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது.

"அந்தப் பந்தயத்துக்கு முதல் வருசம் துவக்கம்" என்றார். "அலையிலை அடிபட்டு அடிபட்டு உந்தப் பக்கம் விறைச்சுப் போட்டுது. தொட்டால் தெரியாது."

"பிறகெப்பிடித் திருப்பினனீ?"

"தட்டேக்கை உன்ரை தோள் கொஞ்சம் பதியும். அதைக் கடைக்கண்ணாலை பாத்துத் திருப்புவன். அண்டைக்கு என்ரை கண்ணாடி முழுக்க உப்பு. தோள் தெரியேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீ வேறை ஆளை ஏத்தியிருப்பாய்."

எஞ்சின்காரர் யோசித்தார். நேர்மையான மனிதர். "ஓம். ஏத்தியிருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை."

"சரி, பிறகாவது சொல்லியிருக்கலாமல்லோ?"

"பிறகு வெக்கமாயிருந்தது. கொஞ்சக் காலம் போகட்டுமெண்டு விட்டன். அது கனகாலமாப் போட்டுது."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. ஒரு மனிதன் தட்டினேன், தட்டினேன் என்று காப்பி மெஷினுக்குச் சொல்லிக்கொண்டு திரிய, இந்தக் கண்ணியமான மனிதர் தன் தொடையைத் தனக்குள்ளே வைத்துக்கொண்டு எங்கள் மீனைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அது அழப்போகிற முகம். எஞ்சின்காரர் குனிந்து தண்ணீரிலிருந்து அலகை எடுத்து, என் மடியில் வைத்துவிட்டு, மிதிக்கத் தொடங்கினார். மற்றவரும் மிதித்தார்.

மண்டபத்தில் இனிப்பு பரிமாறியிருந்தது. எல்லோரும் கரையிலிருந்து பார்த்திருந்தார்கள் என்பதால் ஏற்கனவே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டிருந்தார்கள். கை அசைந்ததைக் கண்டேன் என்றார் ஒருவர். அன்னத்தின் செட்டை மறைத்தது, எப்படிக் காண்பாய் என்றார் மற்றவர். நாற்பது வருடத்துப் பழைய வாதம், தூண் மட்டும் புதிது. அந்த நேரம் மனேஜர் அலகை ஒரு வெள்ளைத் துவாயில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஹோட்டல் முதலாளிக்கு நான் விளக்கம் எழுதவேணும். ஆர் பிழை விட்டது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

நான் எஞ்சின்காரரைப் பார்த்தேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வராது. அவர் கட்சிக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், எதிர்க்கட்சியும் இருக்கிறது, கண்ணால் கண்ட சாட்சி நானும் இருக்கிறேன். சொல்லுங்கள் ஐயா என்று மனதுக்குள் அவரைப் பிடித்து உலுப்பினேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பிழை என்ரை" என்றார். "நான் தட்டேல்லை."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. மேசையில் அவருடைய கட்சிக்காரர் ஒருவருக்கு இனிப்பு தொண்டையில் சிக்கி இருமல் வந்தது. எஞ்சின்காரர் ஒன்றும் நடக்காததுபோல மறுபடியும் கரண்டியை எடுத்தார்.

சுக்கான்காரர் எழுந்தார். எழுந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, சூப் குடிக்கிறபோது நிற்பதைப்போல முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றார். இனிப்பு நேரத்தில் யாரும் அப்படி நிற்பதில்லை.

"பொய்" என்றார். "அவன் தட்டினவன். இண்டைக்கும் தட்டினவன். அண்டைக்கும் தட்டினவன். எனக்குத்தான் விளங்கேல்லை."

கிழவி தன் துவாயை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"விசர்க்கதை கதைக்காதை" என்றார் எஞ்சின்காரர், அவருடைய முகத்தைப் பார்த்து. "இரு. நான் தட்டேல்லை."

"நீ தட்டினனீ."

"தட்டேல்லையெண்டு சொல்லுறன். என்ரை கை எனக்குத் தெரியாதோ?"

"என்ரை தொடை எனக்குத் தெரியாதெண்டு இப்பதானே கண்டுபிடிச்சனீ. பிறகென்ன?"

இரண்டு பேருடைய குரலும் ஏறிக்கொண்டே போனது. மேசையைச் சுற்றியிருந்தவர்களுக்கு யார் எந்தக் கட்சி என்பதே குழம்பிவிட்டது. மனேஜர் அலகோடு என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் போய் நடுவில் நிற்க வேண்டும் என்று. அவர்கள் இருவரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. நான் காப்பி போடப் போனேன்.